டயகமவிலிருந்து நுவரெலியாவுக்கு, ஒரு கடிதத்தோடு

போன மாதம் இந்த வலைப்பூவுக்கு இரண்டு பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தார்கள். டயகமவில் புறப்பட்டு, தலவாக்கலையில் இறங்கி, பூண்டுலோயாவைப் பார்த்துவிட்டு, நானுஓயா வழியாக நுவரெலியா போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடிக்கும், ஒரே நாளில் முடியுமா என்று. மலையகத்தில் பிறந்து வளர்ந்து வாத்தியார் வேலையும் பார்த்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைத்திருப்பார்கள். தெரியும். ஆனால் அந்த வழியை முழுசாக ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன். 1962 பெப்ரவரியில், ஒரு புதன்கிழமையும் மறுநாள் வியாழக்கிழமையும், அப்பாவோடு. அதற்குப் பிறகு பூண்டுலோயாப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை.

நேரம், தூரம், கட்டணம் எல்லாம் அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். எனக்கு அப்போது இருபது வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆங்கிலக் கடிதம் வந்தால் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் தலைக்கனம் கொஞ்சநஞ்சம் இல்லை. கொப்பியில் எழுதியதும் அதே பெரிய மனுஷித்தனம்தான். கட்டணங்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அன்றைக்கு அது காசு.

பயணம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். 1948-இல் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. அந்த வருஷமே வந்த சட்டத்தில் எங்களைப் போன்ற தோட்டத்து ஆட்கள் இந்த நாட்டுப் பிரசைகள் இல்லை என்று ஆகிவிட்டது. பிறகு, இத்தனை வருஷம் இடைவிடாமல் இங்கேயே குடியிருந்தோம் என்று காட்டினால் மனுப் போடலாம் என்றார்கள். அப்பா மனுப் போட்டபோது எனக்கு ஒன்பது வயது. விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தபோது எனக்கு இருபது. அந்தக் கடிதத்திலே ஒரு வரி இருந்தது. யுத்த காலத்துச் செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆட்பதிவுப் புத்தகத்தில், அப்பாவின் பெயருக்கு நேராக ‘இந்தியா’ என்று எழுதியிருக்கிறது, அதற்கு விளக்கம் வேண்டும் என்று.

அப்பா இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்த வருஷங்களில் அவர் எகிப்தில் இருந்தார். வெள்ளைக்காரன் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது, நான் ஆறு மாதக் குழந்தையாக இருக்கையில், யாரிடமும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். துப்பாக்கி தூக்கும் பட்டாளம் இல்லை, ரோடு போடுவது, பாலம் கட்டுவது, குண்டுப் பெட்டி சுமப்பது. ஒரு வெடியில் இடது காது போய்விட்டது. மூன்று வருஷம் எட்டு மாதம் கழித்து வந்தவரைப் பார்த்து, யார் இந்த ஆள் என்று நான் வீறிட்டு அழுதேனாம். அவர் கந்தல் துணியைச் சுருட்டிப் பந்தாகக் கட்டி, என் காலுக்கு உருட்டிவிட்டாராம். மூன்றாம் நாள் அவர் மடியைவிட்டு நான் இறங்கவில்லை என்று அம்மா சொல்வாள்.

பந்துதான் அவருக்கு எல்லாம். எகிப்து மணலில் வெறுங்காலோடு விளையாடிக் கற்றுக்கொண்டு வந்தவர், எங்கள் தோட்டத்து டிவிசனில் முதல் உதைபந்துக் கோஷ்டியைச் சேர்த்தார். தேயிலைக் கன்று வைக்காமல் விட்டிருந்த ஒரு சரிவைச் சனி ஞாயிறெல்லாம் வெட்டி மட்டமாக்கி மைதானமாக்கினார்கள். வயது ஏறி ஓட முடியாமல் போனதும் ரெஃப்ரி ஆனார். விசிலை வாயில் வைத்துவிட்டால் மாமன் மச்சான் கிடையாது. பெரிய தம்பி முருகேசு கையால் பந்தைத் தொட்டான் என்று எதிர்க்கட்சிக்குப் பெனால்டி கொடுத்து, நாங்கள் தோற்றுப்போய், அம்மா அன்றைக்குப் பூராவும் அவரோடு பேசவில்லை. ஆனால் அதே மனுஷன்தான் தினம் காலையில் எனக்குத் தலைசீவிப் பின்னல் போடுவார். அம்மா விடிவதற்குள் கொழுந்தெடுக்கும் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓட வேண்டும், அவருக்குத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போகக் கொஞ்சம் நேரம் இருக்கும். பட்டாளத்து ஆள் போடும் பின்னல், பள்ளிக்கூடம் விடும்வரை ஒரு மயிர் அவிழாது.

சரி, பயணத்துக்கு வருவோம். ‘இந்தியா’ என்று எழுதியவர் எங்கள் பழைய பெரிய கிளாக்கர் தேவசகாயம் ஐயா. வேலையை விட்டு ஓய்வெடுத்து, பூண்டுலோயாவில் மகள் வீட்டில் இருந்தார். அவரிடம் போய், அது தவறாக எழுதியது என்று ஒரு கடிதம் வாங்கி, மறுநாள் பத்து மணிக்கு நுவரெலியாவில் நடக்கும் விசாரணையில் கொடுப்பது. இதுதான் திட்டம். அப்பாவுக்குப் பிரசாவுரிமை கிடைத்தால் அம்மாவுக்கும் இரண்டு தம்பிகளுக்கும் எனக்கும் சேர்த்துக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று லயத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்தவர்கள் முந்தின வருஷம்தான் சட்டிபானையை விற்றுவிட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறியிருந்தார்கள்.

புதன் காலை 5.45-க்கு லயத்தைவிட்டு இறங்கினோம். டயகம கடைவீதிக்கு இரண்டரை மைல், குறுக்குப் பாதையில் ஐம்பது நிமிஷம். அட்டைக்குச் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போனோம், அப்படியும் இரண்டு கடித்தது. அப்பா வெள்ளை வேட்டி, பட்டாளத்துக் கோட்டு. எகிப்தில் எடுத்த கோஷ்டிப் படமும், பட்டாளத்திலிருந்து விடுவித்த பத்திரமும் என் பையில். யாரும் அவற்றைக் கொண்டுவரச் சொல்லவில்லை, நானாகத்தான் எடுத்து வைத்தேன்.

7.10 பஸ். தலவாக்கலைக்கு ஆளுக்கு ஒரு ரூபாய் பத்துச் சதம், சுமார் இருபது மைல். அக்கரபத்தனை வரை ரோடு என்று சொல்வதற்கு இல்லை, குடல் வாய்க்கு வந்துவிடும். இடதுபக்க ஜன்னலில் உட்காருங்கள், பள்ளத்தாக்கும் ஆறும் தெரியும். டிரைவர் சிங்களவர், அக்கரபத்தனைக் கோஷ்டியில் பின்னால் நின்று தடுத்து ஆடுகிறவர். கண்ணாடியில் அப்பாவைப் பார்த்ததுமே பிடித்துக்கொண்டார்.

“ரெஃப்ரி மாத்தயா! போன வருசம் என்னை வெளிய அனுப்பினதுதானே? நான் தள்ளவே இல்ல, அவன் சும்மா விழுந்தது.”

“நீ தள்ளுனத என் ரெண்டு கண்ணால பாத்தேன்” என்றார் அப்பா. “காதுதான் ஒண்ணு போச்சு, கண்ணு நல்லாத்தான் இருக்கு.”

பஸ்ஸே சிரித்தது. தலவாக்கலையில் இறங்கும்போது டிரைவர், “எங்க மாத்தயா பயணம்?” என்று கேட்டார். அப்பா சொன்னார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. “ஒங்களுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கிறது?” என்றார். எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது.

தலவாக்கலை 9.20. பூண்டுலோயா பஸ் 9.40. பத்து நிமிஷத்தில் தேநீர் குடித்துவிட்டு ஏறியிருக்கலாம். ஆனால் பள்ளிக்கூட மைதானத்தில் பையன்கள் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். “ஒரு நிமிசம் தாயி” என்று வேலியோரம் போய் நின்றார். எனக்குத் தெரியும் அந்த ஒரு நிமிஷம். கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, “ஏலேய், பந்தப் பாக்காத, ஆளப் பாரு!” என்று கத்துகிறார். பஸ் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு, நடுரோட்டில் வைத்தே ஏசிவிட்டேன். “விசாரணை நமக்கா அந்தப் பையன்களுக்கா?” அவர் காதைச் சொறிந்துகொண்டு சிரித்தார். அடுத்த பஸ் 11.00. கடையில் இரண்டு பணிஸ், இரண்டு தேநீர், ஐம்பது சதம்.

வட்டகொடை வழியாகப் பூண்டுலோயா, பத்து மைல், ஐம்பத்தைந்து சதம், 12.05-க்குப் போய்ச் சேர்ந்தோம். கடைவீதி சின்னது, ஆற்றுச் சத்தம் எங்கே நின்றாலும் கேட்கும். நல்ல ஊர்தான், ஊரில் ஒரு குறையும் இல்லை. கிளாக்கர் ஐயா வீடு கடைவீதிக்கு மேலே, படி ஏறிப் போக வேண்டும். முன்னறையில் மாதா படம், அதற்குக் கீழே சாய்வு நாற்காலியில் ஐயா. மெலிந்துபோயிருந்தார். அப்பாவை அடையாளம் கண்டுகொள்ள நேரம் ஆனது.

“அட, நம்ம ராமையாவா? உக்காருடா. இது யாரு, மகளா?”

தோட்டத்தில் அப்பா அவருக்கு முன்னால் உட்கார்ந்ததே இல்லை. அன்றைக்கும் பெஞ்சின் விளிம்பில்தான் உட்கார்ந்தார். நான் விசாரணைக் கடிதத்தை எடுத்துக் காட்டி, ஏன் ‘இந்தியா’ என்று எழுதினீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் கறாராகத்தான் கேட்டேன். ஐயா கோபப்படவில்லை.

“அது ஒண்ணுமில்ல புள்ள. பெரட்டுல பேரு கூப்புடுவோம். ஆள் இல்ல. ஒரு மாசம் பாப்பேன். அப்பறமும் இல்லாட்டி இந்தியான்னு எழுதிட்டு அடுத்த பேருக்குப் போயிருவேன். எல்லாத் தோட்டத்துலயும் அப்படித்தான். கடன்காரனுக்குப் பயந்து ஓடுனவன், வேற தோட்டத்துக்குப் போனவன், காட்டாத்துல அடிச்சுக்கிட்டுப் போனவன், எல்லாரும் எனக்கு இந்தியாதான். பக்கத்து டிவிசனுக்கு வாக்கப்பட்டுப் போன பொண்ணக்கூட ஒருதடவ இந்தியான்னு எழுதியிருக்கேன். தொர கேட்டா சொல்றதுக்கு ஒரு பதில் வேணும்ல? இப்படி ஒரு காலம் வரும்னு யார் கண்டா?”

அவர் மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ஐயா காகிதமும் பேனாவும் எடுத்து மடியில் பலகையை வைத்துக்கொண்டார். எழுதத் தொடங்கவில்லை. அப்பாவையே பார்த்தார்.

“ராமையா, இத ரெண்டு விதமா எழுதலாம். நீ பட்டாளத்துக்குப் போனதை உள்ளபடி எழுதலாம். இல்லாட்டி, நீ எங்கயுமே போகல, காச்சல்ல கெடந்து கெடந்து வேலைக்கு வந்த, நான்தான் ஆளப் பாக்காம எழுதிட்டேன்னு எழுதலாம். என்னயக் கேட்டா ரெண்டாவதுதான் நல்லது. இந்தியாவோ எகிப்தோ, நாட்டுல இல்லன்னா இல்லதானே?”

“உங்க பேரு கெட்டுப்போகாதாங்கய்யா?” என்றார் அப்பா.

“எனக்கு இனிமே பேரு எதுக்குடா? போற காலம். எத்தன பேர இந்தியாவுக்கு அனுப்பியிருக்கேனோ, ஒருத்தனையாவது திருப்பிக் கூட்டியாறேன்.”

அப்பா சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தார். பிறகு, “ரெண்டாவதையே எழுதுங்கய்யா” என்றார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

என்ன பேசினேன் என்பது ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது. “நீங்க பட்டாளத்துக்குப் போகலையா அப்பா? அப்ப இந்தக் காது எப்படிப் போச்சு? நாளைக்கு ஆபிசர் முன்னால நின்னுக்கிட்டு நான் போகவே இல்லன்னு சத்தியம் பண்ணுவீங்களா? பள்ளிக்கூடத்துல எல்லாப் புள்ளைங்ககிட்டயும் எங்கப்பா பட்டாளத்துக்காரர்னு சொல்லி வச்சிருக்கேன். ராசா முத்திரை போட்ட பத்திரம் இருக்கு. இவங்களுக்காகத்தானே சண்டைக்குப் போனீங்க? அதுக்குப் போனவங்களையே தள்ளிருவாங்களா? சொந்த மகனுக்கு எதிரா விசில் ஊதுன ஆளு இன்னைக்குப் பொய்க் கடுதாசி வாங்குறீங்களே!”

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் என்ன சொல்ல.

“பந்து வேற தாயி. அதுல தோத்தா வீட்டுக்கு வந்து சோறு திங்கலாம். இதுல தோத்தா வீடே இல்ல.”

அதற்குமேல் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கடிதத்தில் ஒரு பொய் கண்டுபிடிக்கப்பட்டால் மனுவே போய்விடும், சட்டம் எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது என்றேன். எனக்குச் சட்டம் ஒன்றும் தெரியாது. ஆங்கிலத்தில் இருந்த அந்த இரண்டு பக்கக் கடிதத்தில் பாதி வார்த்தைகளுக்கே அகராதி பார்த்தவள் நான். ஆனால் அவருக்கு அது தெரியாதே. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன், மகள் படித்தவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷன்.

“ஒனக்குத்தான் புள்ள இங்கிலீசு தெரியும்” என்றார் கடைசியில். “அய்யா, அது சொல்ற மாதிரியே எழுதிக் குடுத்திருங்க.”

கிளாக்கர் ஐயா என்னை ஒரு பார்வை பார்த்தார். உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார். நல்ல ஆங்கிலம், அழகான கையெழுத்து. பஸ்ஸில் அதை நான்கு தடவை வாசித்தேன்.

3.30 பஸ்ஸில் தலவாக்கலைக்குத் திரும்பி, 5.10 ரயில். நானுஓயாவுக்கு மூன்றாம் வகுப்பு அறுபத்தைந்து சதம், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. வட்டகொடை தாண்டியதும் வளைவில் ரயிலின் தலையும் வாலும் ஒரே நேரத்தில் தெரியும், குழந்தைகள் இருந்தால் காட்டுங்கள். நானுஓயாவில் அப்பாவின் தங்கை வீட்டில் தங்கினோம். தங்க இடம் இல்லாதவர்கள் நேராக நுவரெலியா போய்விடுவது நல்லது, அங்கே எல்லா விலையிலும் அறை உண்டு.

வியாழன் காலை 7.45 பஸ், ஐந்து மைல், முப்பது சதம். நுவரெலியாவில் பனி விலகவில்லை. மார்க்கெட் வாசலில் லீக்ஸும் முட்டைக்கோவாவும் மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருந்தன. விசாரணை நடந்த கட்டிடத்துக்கு வெளியே எங்களைப் போல முப்பது நாற்பது பேர், எல்லாரும் இருப்பதில் நல்ல துணியாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பத்து மணி என்று போட்டிருந்தார்கள், எங்களைக் கூப்பிட்டது பன்னிரண்டே காலுக்கு.

அதிகாரி சிங்களவர், வயதானவர், மூக்குக்கண்ணாடி. அவரை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சொல்ல முடிந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அப்பாவை உட்காரச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் கேட்குமுன்னே நான் முந்திக்கொண்டு, கடிதம், பத்திரம், படம் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தேன். அவர் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். படத்தைக் கையில் எடுத்து, “இதில் நீ யார்?” என்று சிங்களத்தில் கேட்டார். அப்பா விரலை வைத்துக் காட்டினார். பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நடுவில் நிற்பவர்.

“எவ்வளவு காலம் வெளிநாட்டில் இருந்தாய்?”

“மூணு வருசம் எட்டு மாசங்க.”

“நடுவில் ஒரு தடவையாவது வந்தாயா?”

“லீவு குடுக்கலீங்க.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, நிதானமான ஆங்கிலத்தில் பேசினார், எனக்குப் புரிய வேண்டும் என்றே மெதுவாகப் பேசினார். சட்டம் கேட்பது ஆள் இங்கே இருந்தானா என்பதை மட்டும்தான், எங்கே போனான், எதற்குப் போனான் என்று கேட்பதில்லை. அவ்வளவு காலம் நாட்டில் இல்லை என்று நீங்களே எழுத்தில் கொடுத்தபிறகு என் கையில் ஒன்றும் இல்லை என்றார்.

“செக்ரோலில் இந்தியா என்று இருந்ததே, அதை மறுக்கத்தானே கொண்டுவந்தோம்?” என்றேன்.

“மகளே, அந்தச் சொல்லை நான் தினம் பத்துப் புத்தகத்தில் பார்க்கிறேன். கிளாக்கர்மார் எழுதுகிற விதம் எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை விளக்கம் கேட்பேன், ஆள் இங்கேதான் இருந்தேன் என்பான், நான் விட்டுவிடுவேன். அதை வைத்து யாரையும் நான் தள்ளியதில்லை.”

மொழிபெயர்ப்பாளர் அதை அப்பாவுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான். நானும் சொல்லவில்லை. “முடிஞ்சிருச்சாம், வாங்க” என்று மட்டும் சொன்னேன். அப்பா எழுந்து அதிகாரிக்கு விறைப்பாக ஒரு சலாம் வைத்தார். அவரும் எழுந்து நின்றார்.

வெளியே வந்து நடந்தோம். குதிரைப் பந்தயத் திடலின் வெள்ளை வேலியில் அப்பா சாய்ந்து நின்றார். ஏப்ரல் பந்தயத்துக்காகக் குதிரைகளைப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். எந்தக் குதிரைக்கு முன்னங்கால் சரியில்லை, எது நன்றாக ஓடும் என்று எனக்குக் காட்டினார். பந்தயம் கட்டும் ஆள் இல்லை, ஓடுகிற எதைப் பார்த்தாலும் நின்று பார்ப்பார். அங்கேதான் நான் அழுதுகொண்டே முழுசையும் சொன்னேன். அந்தக் கடிதம் இல்லாமல் வெறுங்கையோடு போயிருந்தாலே கிடைத்திருக்கும் என்பதையும் சொன்னேன்.

நல்ல காதை என் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டார்.

“அந்தக் குதிரைக்கெல்லாம் பேப்பரு இருக்கும் தாயி” என்றார். பிறகு என் முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டு, “அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ ஒண்ணும் சொல்லாத” என்றார்.

லயத்துக்கு வந்து சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. அம்மா வாசலிலேயே நின்றாள். என்ன ஆச்சு என்று கேட்டதும் அப்பா சொன்னார்: “கெளாக்கர் பொய்யா ஒரு கடுதாசி எழுதித் தாறேன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன். பட்டாளத்துக்குப் போனவன் போகலன்னு சொல்ல முடியுமா? புள்ள எவ்வளவோ சொல்லிப் பாத்துச்சு, நான் கேக்கல.”

அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “ஒங்க ரோசம் ஒங்களோட போகட்டும். எம் புள்ளைங்க என்னா பாவம் பண்ணுச்சுங்க?” அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அது. முந்தின நாள் அவ்வளவு பேசிய வாய்க்கு அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை.

மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. 1964-இல் ஹட்டனில் பிரசாவுரிமை கிடைத்திருந்த ஒருவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள், நான் இங்கேயே தங்கிவிட்டேன். அடுத்த வருஷம் அப்பா, அம்மா, தம்பிகள் இருவரும் இந்தியப் பாஸ்போர்ட்டோடு கிளம்பினார்கள். ரயிலில் அப்பா ஜன்னலோரம் உட்காரவில்லை, அம்மாவுக்கு விட்டுக்கொடுத்து உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்தார், அதனால் கடைசியாக அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. திருச்சிப் பக்கம் ஒரு கல்குவாரியில் வேலை. எட்டாவது மாதம் இறந்துபோனார் என்று முருகேசு கடிதம் போட்டான். சொந்த ஊர் என்று போன இடத்தில் அவரைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. தூக்கிப் போக நான்கு பேர் சேர்ப்பதற்கே அவன் அலைந்திருக்கிறான். இங்கே என்றால் அக்கரபத்தனை வரைக்கும் உள்ள எல்லாக் கோஷ்டியும் வந்து நின்றிருக்கும்.

இனி போகிறவர்களுக்கு. முதல் பஸ்ஸையே பிடியுங்கள். இன்றைக்கு ரோடு எவ்வளவோ மேல், ஒரே நாளில் தாராளமாக முடியும். ஆனாலும் தலவாக்கலையில் இணைப்புப் பஸ்ஸுக்கு அரை மணி நேரமாவது இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். பெப்ரவரியில் மழை குறைவு, குளிர் அதிகம், கம்பளிச் சட்டை எடுத்துப் போங்கள். அட்டைக்குச் சவர்க்காரம் போதும். அலுவலக வேலையாகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், கேட்ட பேப்பரை மட்டும் கொடுங்கள். கேட்காததைப் பெருமைக்காக எடுத்து மேசையில் வைக்காதீர்கள். உங்கள் கூட வந்த படிக்காத ஆள் ஏதாவது சொன்னால், அவருடைய பேச்சைக் கேளுங்கள்.

இன்னொன்று. இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான், பஸ் நேரம் சொல்வதற்காக இல்லை. முருகேசு திருச்சியிலிருந்து இந்த வலைப்பூவைப் படிக்கிறான். அவன் வீட்டுச் சுவரில் அம்மா படம் இருக்கிறது, மாமனார் மாமியார் படம் இருக்கிறது, அப்பா படம் இல்லை. கேட்டால், “தன் ரோசத்துக்காக எங்களக் குவாரியில தள்ளுன ஆளுக்குப் படம் ஒரு கேடா?” என்பான். அம்மாவும் கண்மூடும்வரை அப்படியே நம்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். இத்தனை வருஷமாக டெலிபோனில் அவன் அப்பாவை ஏசும்போதெல்லாம் நான் உம் கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

தம்பி, அப்பா உங்களுக்காகப் பொய் சொல்லச் சம்மதித்தார். கிளாக்கர் ஐயாவிடம் அவரே வாய்விட்டுக் கேட்டார். தடுத்தவள் நான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து எனக்காகவும் ஒரு பொய் சொன்னார், அதை நீங்கள் எல்லாரும் நம்பினீர்கள், நான் நம்பவிட்டேன். ஏசுவதென்றால் இனிமேல் என்னை ஏசு.